காசு கட்டுவதற்கு முன் உலையைப் பாருங்கள்

நான் பரிசாக வாங்கிக் கொடுத்த இரும்புக் கொக்கி முறிந்து, தங்கச்சி வீட்டுச் சாமி அறையில் தூக்கு விளக்கு விழுந்து ஐந்து வாரமாகிறது. விற்றவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தேன். போன கிழமையோடு அந்த நம்பிக்கை போய்விட்டது. கலியாணம், குடிபூரல் என்று கையால் அடித்த இரும்புச் சாமான் பரிசு கொடுக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

எனக்கு அந்த ஆசை வந்தது அம்மம்மாவின் பாக்குவெட்டியால். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் ஒரு கம்மாலையில் (கொல்லர் பட்டறையில்) அடித்தது. பிடி இரண்டும் கைபட்டுப் பட்டு வழுவழுவென்று கறுத்துப்போயிருக்கும், இரண்டையும் இணைக்கிற தறையாணி இன்றைக்கும் ஆடாது. தங்கச்சி நிலாவெளியில் வீடு கட்டி முடித்தபோது, மணிக்கூடும் பீங்கான் செட்டும் வேண்டாம், பிள்ளைகள் காலத்திலும் இருக்கிற மாதிரி ஒன்று கொடுப்போம் என்று நினைத்தேன்.

முகநூலில் ஒரு பக்கம் அகப்பட்டது. உலை, தீப்பொறி, சம்மட்டி என்று அழகான படங்கள். மூன்று சாமான் சொன்னேன்: லொறி வில்லில் (ஸ்பிரிங் தகட்டில்) அடித்த கறிக்கத்தி, ஒரு பாக்குவெட்டி, ஒரே கம்பியை முறுக்கி வளைத்த விளக்குக் கொக்கி. எல்லாம் 24,000 ரூபா. பாதி முன்பணம், மீதி பொதி வந்ததும். கம்மாலையை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். “வேலை நடக்கிற இடத்துக்கு ஆட்களை விடுகிறதில்லை அண்ணா, வீடியோ அனுப்புகிறோம்” என்றார்கள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

குடிபூரலுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பொதி வந்தது. மீதிக் காசைக் கொடுத்தால்தான் பிரிக்கலாம் என்றார் கொண்டுவந்த தம்பி. அது அவருடைய பிழையல்ல. பிரித்தபோது பெயின்ட் மணம். மூன்றிலும் ஒரே மாதிரி மினுங்குகிற கறுப்பு. வேறு பரிசு தேட நேரமில்லை, அப்படியே கொடுத்தேன். இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் நிலத்தில் வைத்தேன், தங்கச்சி குனிந்து எடுத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாம் கிழமை கத்தியின் கறுப்பு உரிந்து, வெட்டிய கத்தரிக்காயில் ஒட்டியிருந்தது. பூசணிக்காய் வெட்டப் போனதில் கத்தியின் வாய், அதுதான் வெட்டுகிற ஓரம், மடங்கிவிட்டது. எனக்குக் கவலையாக இருக்கும் என்று தங்கச்சி அதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கொக்கி முறிந்து, எரிந்துகொண்டிருந்த விளக்கு எண்ணெயோடு கீழே விழுந்தது. மருமகள் அதற்கு நேர் கீழே இருந்துதான் தேவாரம் பாடுவாள். தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அவ்வளவுதான் இடைவெளி.

முறிந்த கொக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே கம்பி என்றார்களே, அது இரண்டு கம்பி. நடுவில் பயறளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு. அதைச் சுற்றியிருந்த பள்ளத்தை, கார் டிங்கரிங்கில் அப்புகிற பட்டியால் நிரப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டவே பட்டி கட்டியாகக் கழன்று வந்தது. சுத்தியல் அடி மாதிரித் தெரிந்த குழிகளும் பார்வைக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும்தான், முறுக்கில் ஒன்றும் இல்லை.

மூன்றையும் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனேன். தாக்கத்தி, மண்வெட்டி அடிக்கிற ஒரு கம்மாலை, சிரட்டைக்கரி உலை. அங்கே இருந்த ஐயா முதலில் அரத்தை எடுத்துக் கத்தியின் வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் சீவிக்கொண்டு போனது. தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது) சரியாகப் போட்ட வாய் என்றால் அரம் பிடிக்காமல் வழுக்குமாம். பிறகு கிறைண்டரில் பிடித்தார்: நீள நீளமாக மஞ்சள் கோடுகள், கிளை மிகக் குறைவு. பக்கத்தில் கிடந்த லொறி வில் துண்டைப் பிடித்ததும் பொறி நுனியெல்லாம் பூப்பூவாக வெடித்தது. வில்லில் கரி (காபன்) அதிகம், நூற்றுக்கு 0.6 அளவில் இருக்கும். சாதாரணக் கம்பியில், தகட்டில் 0.2 அளவுதான், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கரி இவ்வளவு குறைந்த இரும்பை எவ்வளவு சிவக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்திக்கு வேண்டிய அளவு கெட்டிப்படாது. காந்தம் வைத்துப் பார்த்தேனே என்று நான் சொன்னேன். காந்தம் இரண்டிலும்தான் ஒட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பாக்குவெட்டியைத் திருப்பி, பிடியின் ஓரம் முழுக்க ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டினார். அச்சில் வார்த்தது. ஒரு அடிகூட வாங்காத சாமான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கறள் பிடித்தது என்பதற்காக மட்டும் ஒரு கொல்லரைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் வெறும் இரும்பு இரண்டு நாளில் கறள் கட்டும், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும். சூடு ஆறுவதற்கு முன் தேன்மெழுகோ தேங்காயெண்ணெயோ பூசிக் கொடுப்பார்கள். வாங்கியவரும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், அதைப் பரிசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கத்தியின் வாயில் பெயின்ட் பூசியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மரக்கறி வெட்டுகிற இடத்தில் பெயின்டுக்கு என்ன வேலை?

அந்தப் பக்கத்துக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் “பாவிக்கத் தெரியாமல் பாவித்திருக்கிறீர்கள்” என்றார்கள். அப்புறம் கொக்கி அலங்காரத்துக்குத்தான், பாரம் தொங்கவிட அல்ல என்றார்கள். விளக்குக் கொக்கி என்று அவர்களே எழுதி அனுப்பிய செய்தியைக் காட்டினேன். கடைசியில் நான் செய்தி அனுப்ப முடியாதபடி முகநூலில் என்னைத் தடுத்துவிட்டார்கள். அவர்களுடைய உலைப் படங்களைத் தேடிப் பார்த்த மச்சான், அதே படங்கள் வெளிநாட்டுக் கொல்லர் ஒருவருடைய பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

24,000 ரூபா போனது எனக்குப் பெரிதுதான். அதைவிட, உலைக்கு முன்னால் நாள் முழுக்க வெந்து வேலை செய்கிறவர்களின் உழைப்பை யாரோ பெயின்டில் முக்கி விற்கிறார்கள் என்பதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது. அந்த ஐயா புதுக் கொக்கி ஒன்றை என் கண் முன்னாலேயே அடித்துத் தந்தார். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து வளைத்து, குறட்டால் பிடித்து முறுக்கினார். காசு கொடுப்பதற்கு முன் அதில் நான் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு கத்திக்கும் சொல்லியிருக்கிறேன். வேளாண்மை வெட்டு முடிந்துதான் தருவாராம், எனக்கு அவசரமில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. வங்கிச் சிலிப், பொதியில் ஒட்டியிருந்த துண்டு, செய்திகளின் படங்கள், முறிந்த கொக்கி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். இதே மாதிரிக் கறுப்புப் பெயின்ட் சாமான் யாருக்காவது வந்திருந்தால் எறிந்துவிடாதீர்கள், சிலிப்போடு எடுத்து வையுங்கள். கொக்கி வாங்கியவர்கள் இன்றைக்கே விளக்கைக் கழற்றிக் கீழே வையுங்கள்.