டெக்சாஸில் குவார்ட்டர் ஹார்ஸ்: வாங்கிப் பல வருஷம் வைத்திருந்த அனுபவம்

முதல் குதிரை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மூன்று வயதுக் குட்டி பளபளவென்று நிற்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். பத்து வயது தாண்டிய, பண்ணையில் மாடு விரட்டிப் பழகிய, காயடித்த ஆண் குதிரையாகப் பாருங்கள். ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே வெதர்ஃபோர்டு பக்கம் நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். கயிறு காலில் உரசினாலும், பக்கத்தில் டிராக்டர் உறுமினாலும் காதை மட்டும் திருப்பிவிட்டு நிற்கும்.

குவார்ட்டர் ஹார்ஸ் என்பது ஒரு அமெரிக்கக் குதிரை ஜாதி, கால் மைல் ஓட்டத்தில் மற்ற ஜாதிகளைப் பின்னுக்குத் தள்ளியதால் வந்த பெயர் இது. இதற்கான சங்கம் 1940இல் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கியது, பிறகு அமரில்லோவுக்கு இடம் மாறியது. அந்தச் சங்கத்தில் பதிவான காகிதம் இருந்தால் விலை ஏறும். குட்டி போட வைக்கும் எண்ணமில்லாமல் சும்மா ஏறி ஓட்டத்தான் என்றால் தாத்தன் பெயருக்குக் காசைக் கொட்டாதீர்கள், காலுக்குக் கொடுங்கள். காகிதத்தில் வயதும் அடையாளமும் சரியா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பார்க்கப் போகும்போது சேணம் பூட்டித் தயாராக நிறுத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். மேய்கிற இடத்திலிருந்து உங்கள் கண் முன்னால் பிடித்துவரச் சொல்லி, முதலில் விற்பவரையே ஏறி ஓட்டச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் நாங்கள் போனபோது குதிரை ஏற்கனவே வியர்த்திருந்தது, காலையிலேயே ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டோம். நெற்றிச் சுழி பார்த்துக் குணம் சொல்கிற பெரிசுகள் இங்கேயும் உண்டு, நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, இது காசு கொடுத்து வாங்குவது. அதனால் மருத்துவரை வைத்துப் பரிசோதிக்காமல் வாங்கவே கூடாது, அதுவும் விற்பவருக்கு வாடிக்கையான மருத்துவர் வேண்டாம். காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். பெரிய உடம்புக்குச் சின்னக் குளம்பு என்பது இந்த ஜாதியில் அடிக்கடி காணும் குறை, ஆகவே முன்னங்கால் குளம்புக்கு எக்ஸ்ரே அவசியம். வலி மருந்து கொடுத்து நிறுத்தியிருக்கிறார்களா என்று அறிய ரத்தமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பரம்பரை நோய்களுக்கான மரபணு சோதனை முடிவையும் கேளுங்கள். இம்ப்ரெசிவ் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் வம்சத்தில் தசை நடுங்கித் தளர்ந்து விழுகிற நோய் உண்டு, போக்கோ புவேனோ வம்சத்தோடு தொடர்புள்ள இன்னொன்றில் சேணம் படுகிற இடத்துத் தோலே உரிந்து வரும். குதிரைக்குத் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் கோகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்றும் கையில் இருக்கட்டும், அதில்லாமல் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

சரி, வைத்திருப்பது எப்படி? வாங்கிய விலை ஒருமுறை வலிக்கும், அப்புறம் மாதாமாதம் வலிக்கும். காய்ந்த புல் மட்டும் நாளுக்கு எட்டு, பத்து கிலோ. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் அடிக்க வேண்டும். 2022 வறட்சியில் புல் விலை ஏறியதோடு, கிடைத்ததும் மட்டமாக இருந்தது. 2021 பிப்ரவரி உறைபனியில் தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டே இருந்தோம். இந்த ஜாதி கொஞ்சம் தின்றாலே கொழுக்கும், தானியத்தை வாரிப் போட்டால் காலுக்குத்தான் கேடு. என் குதிரைக்கு இப்போது தானியமே கிடையாது.

ஆனால் மாட்டைக் கண்டால் மாறிவிடும் பாருங்கள்! தலை தாழும், காது முன்னால் குவியும், கன்று இடப்பக்கம் திரும்ப நினைப்பதற்குள் இது திரும்பியிருக்கும். கடிவாளத்தைத் தொடவே வேண்டாம், சேணத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருப்பதுதான் நம் வேலை. இதற்காக எவ்வளவு செலவானாலும் எனக்குச் சம்மதம்.

வாரத்துக்கு இரண்டு நாள்கூட ஒதுக்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். பாதிச் செலவைப் பகிர்ந்துகொண்டு இன்னொருவர் குதிரையை ஓட்டுகிற குத்தகை முறை இங்கே பல லாயங்களில் இருக்கிறது, ஒரு வருஷம் அப்படி ஓட்டிவிட்டு முடிவெடுங்கள்.