துபாய் காக்காவுக்கு ஒரு வழி, சிங்கப்பூர் தம்பிக்கு ஒரு வழி: பவர் பத்திரம் எப்படி அனுப்புறது?

கீழக்கரையில வாப்பா (எங்க அப்பா) விட்டுட்டுப் போன தென்னந்தோப்பு இப்ப கோர்ட்டுல நிக்குது. காக்கா (எங்க அண்ணன்) துபாய்ல, தம்பி சிங்கப்பூர்ல, ஊர்ல நான் ஒருத்தன்தான், அதனால அவங்க சார்பா நான் வேலையப் பாக்க ரெண்டு பேரும் எனக்கு பவர் எழுதித் தரவேண்டியதாப் போச்சு.

தம்பி வேலை சுளுவா முடிஞ்சுது. அப்போஸ்டில்னா ஒரு நாட்டுப் பத்திரம் அசல்தான்னு அந்த நாட்டு அரசு குடுக்குற சான்று, ஒப்பந்தத்துல இருக்கிற மத்த நாடும் அத ஏத்துக்கும். இந்தியா 2005லயே அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்தாச்சு, சிங்கப்பூரும் 2021 செப்டம்பர்ல வந்துருச்சு, அதனால அங்க நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் வாங்கி கூரியர் பண்ணிட்டான், தூதரகம் பக்கமே போகல.

காக்கா இருக்கிற துபாய் அமீரகத்துல வருது, அமீரகம் அந்த ஒப்பந்தத்துலயே இல்லங்க, அங்க இருக்கிறவங்க நம்ம தூதரக வழிதான் போகணும். காக்கா மொதல்ல யாரோ சொன்னத நம்பி ஒரு டைப்பிங் சென்டர்ல சீல் குத்தி அனுப்பிட்டாரு, இங்க பத்திர ஆபீஸ்ல பாத்த உடனே திருப்பிக் குடுத்துட்டாங்க, கூரியர் காசும் போச்சு ஒரு மாசமும் போச்சு. ரெண்டாவது தடவ லீவு போட்டு, ரெண்டு சாட்சியையும் கூட்டிக்கிட்டு இந்தியத் துணைத் தூதரகத்துல கையெழுத்துப் போட்டாரு. போட்டோ மேல பாதி, பேப்பர் மேல பாதின்னு விழுந்திருந்த அந்த முத்திரையப் பாத்தப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

எந்த வழியில வந்தாலும் பேப்பர் இந்தியாவுக்குள்ள வந்து 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைத் தீர்வை கட்டிடணும். கூரியர் கவரத் தூக்கிப் போட்டுறாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. அப்புறம் மொத்தமா பொது பவர் எழுத வேணாம், சர்வே நம்பர், கேஸ் நம்பர் போட்டு அந்த வேலைக்கு மட்டும் எழுதினா பின்னால அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வராது.

மூணாவது வழி நேர்ல வர்றது. டிக்கெட், லீவுன்னு செலவு ஜாஸ்திதான், ஆனா எங்க கேஸுக்கு பவர் மட்டும் போதாது. வாப்பா தோப்ப வாய்வார்த்தையா தனக்கு ஹிபா (தானம்) குடுத்துட்டாருங்கிறது சாச்சா (வாப்பாவோட தம்பி) வாதம், அன்னைக்கு வாப்பா கட்டில் பக்கத்துல இருந்தது காக்கா மட்டும்தான். பவர வச்சு நான் வக்கீல் வைக்கலாம், மனு போடலாம், ஆனா காக்கா கண்ணால பாத்தத அவருக்குப் பதிலா நான் கூண்டுல ஏறிச் சொல்ல முடியாது, சுப்ரீம் கோர்ட்டு 2004லயே இத தெளிவாச் சொல்லிருச்சு. சாட்சி விசாரணைக்குத் தேதி விழுந்ததும் மதுரைக்கு டிக்கெட் போடச் சொல்லிருக்கேன்.