செட்டிநாடு உணவுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் ‘ஆச்சி வீட்டுச் சமையல், ஊர் ஊராகச் சாப்பாடு’ என்று விளம்பரம் செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர்களிடம் தயவுசெய்து கட்டாதீர்கள். அம்மாவும் நானும் தலைக்கு 3,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம்.

காலையில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வெள்ளைப் பணியாரம், மதியம் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டில் இலைச் சாப்பாடு, சாயங்காலம் கறுப்புக் கவுனி அரிசியில் செய்த இனிப்பு என்றுதான் பேச்சு. கிளம்பியதுமே, "வீட்டுக்காரங்க ஊர்ல இல்ல மேடம்" என்று வண்டியிலேயே ஒரு பொட்டலத்தை நீட்டினார் வழிகாட்டி. உள்ளே ஆறிப்போய் எண்ணெய் கோத்த பணியாரம். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து ஊறப்போட்டு, வெண்ணெய் போல அரைத்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுக்கிற பலகாரம் அது. எடுத்த சூட்டில் மிளகாய்ச் சட்னியோடு தின்றால்தான் பணியாரம். எப்போதோ சுட்டுக் கட்டிக் கொடுத்ததற்கு அந்தப் பெயரே பொருந்தாது.

அப்புறம் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிறார்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் அங்கிருந்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிப்போய், பழம்பொருள் கடை கடையாக ஏற்றி இறக்கியதில் பாதி நாள் போய்விட்டது. நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்றதும் வழிகாட்டியின் முகமே மாறிவிட்டது.

மதியச் சாப்பாடு சுற்றுலா பஸ்கள் நிற்கிற ஒரு ஹோட்டலில். கோழி, மீன், காளான் எல்லாம் ஒரே சிவப்புக் குழம்பு. கல்பாசி வாசனை மருந்துக்கும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற மண்டியைக் கேட்டால் பரிமாறியவருக்கே தெரியவில்லை. கவுனி அரிசி எங்கே என்றதற்கு "சீசன் இல்ல" என்றார்கள். காய்ந்த அரிசிக்கு ஏது சீசன்? பர்மாவோடு வியாபாரம் செய்த குடும்பங்கள் கொண்டுவந்த அரிசி, காரைக்குடி மளிகைக் கடைகளில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். அதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நாங்களே பள்ளத்தூர் போய் விசாரித்தோம். விளம்பரப் படத்தில் இருந்த ஆச்சி உண்மையிலேயே அங்கே இருக்கிறார். எப்போதோ ஒரு தடவை ஆட்களைக் கூட்டிவந்து, இலைக்கு 250 ரூபாய் பேசி, அதிலும் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "எம் படத்தைப் போட்டுக் காசு வாங்குறாகளா?" என்று கேட்டவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி போகிறவர்கள், எந்த ஊரில், யார் சமைக்கிறார்கள் என்று கேட்டு, சமைப்பவரிடமே போனில் பேசிவிடுங்கள். பேச விடாவிட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் பணத்தைச் சாப்பிட்ட இடத்திலேயே கொடுங்கள். கடைகளுக்குப் போவதாக இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "வண்டி ஓடிடுச்சே" என்று சொல்லி எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. இவர்களிடம் மாட்டியவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் விளம்பரப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.