பண்டிகை நெரிசலில் சார்ஜ்: ஹைவே ஓட்டலா, ஊருக்குள்ளா?

பொங்கல், தீபாவளி சமயத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு எலெக்ட்ரிக் காரில் போகிறவர்கள் இரண்டு இடங்களில் சார்ஜ் போடலாம். ஒன்று, நாலுவழிச் சாலையை ஒட்டிய ஓட்டல் வாசல். இன்னொன்று, பைபாஸை விட்டு உள்ளே போனால் லாட்ஜ், மால், கார் ஷோரூம் போன்ற இடங்கள். எங்களிடம் இருப்பது 45 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் கார். சாதாரண நாளில் ஹைவே, பண்டிகை நாளில் ஊர் என்று முடிவு செய்து இப்போது அப்படித்தான் போய்வருகிறோம்.

ஹைவே ஓட்டலின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வழி மாற வேண்டாம், டிபன் கிடைக்கும், டாய்லெட் இருக்கும், நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. கூட்டம் இல்லாத நாளில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கூட்ட நாளில் கணக்கே வேறு. பல ஓட்டல் வாசல்களில் நிற்பது இரண்டு கன் (காரில் மாட்டும் பிளக்) உள்ள 60 கிலோவாட் சார்ஜர். ஒரு கார் மட்டும் மாட்டியிருந்தால் அது கேட்கிற பவர் கிடைக்கும். இரண்டாவது கார் வந்து மாட்டியதும் பெரும்பாலும் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். எங்கள் காருக்கு 15 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற சுமார் 29 யூனிட் வேண்டும். 30 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். நாம் போய்ச் சேரும்போது இரண்டு கார்கள் இப்போதுதான் மாட்டியிருக்க, இன்னும் இரண்டு கார்கள் காத்திருந்தால், நாம் கிளம்ப மூன்று மணி நேரம் ஆகும். அதுவும் எல்லோரும் 80-ல் கழற்றினால்தான்.

அங்கேதான் சிக்கல். 80-க்கு மேல் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு முக்கால் மணி கூட இழுக்கலாம். ஒருமுறை பெரம்பலூர் பக்கம் ஒரு ஓட்டலில் சார்ஜர் திரையில் 93 என்று காட்டிக்கொண்டிருக்கிறது, காரின் சொந்தக்காரர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், வெளியே ஐந்து கார்கள். வாசல் செக்யூரிட்டி ஒரு பில்லின் பின்பக்கத்தில் வண்டி நம்பர்களை வந்த வரிசைப்படி எழுதி வைத்திருந்தார். “ஆப்பில் காலி என்று பார்த்துத்தானே வந்தேன்” என்று ஒருவர் அவரிடம் சண்டை. “எனக்கு என்னங்க தெரியும், நான் பார்க்கிங் பார்க்கிற ஆளு” என்கிறார் அவர். அவர் அந்தக் காகிதத்தை எழுதாமல் விட்டிருந்தால் அன்றைக்கு அடிதடியே ஆகியிருக்கும். 80 தாண்டியும் கன்னைப் பிடித்து வைத்திருப்பது மற்றவர்களின் பயணத்தைப் பறிப்பதுதான். குறைந்தபட்சம் போன் நம்பரைக் கண்ணாடிக்குப் பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போகலாம்.

என்னைப் பொறுத்தவரை சார்ஜரின் வேகம் அடுத்த விஷயம். இது நிறைந்திருந்தால் அடுத்தது எங்கே என்பதுதான் முதல் கேள்வி. ஹைவேயில் அடுத்த சார்ஜர் 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், அதுவும் எதிர்ப்பக்கம் இருந்தால் யூ டர்ன் தேட வேண்டும். நமக்கு முன்னால் சலித்துக் கிளம்பியவரும் அங்கேதான் போயிருப்பார். 12 சதவீதத்தோடு நிற்கிறவருக்கு அந்தத் துணிச்சலும் வராது. காத்திருந்தே ஆக வேண்டும்.

திருச்சியில் அப்படி இல்லை. பால்பண்ணை தாண்டி மன்னார்புரத்தில் திரும்பினால் கன்டோன்மென்ட் பக்கத்திலேயே சார்ஜர்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆள் இருந்தால் அடுத்ததற்குச் சில கிலோமீட்டர்தான், ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் செலவு. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பைபாஸிலேயே பார்த்துக்கொள்வதால் உள்ளே நெரிசல் குறைவு. போக வர ஊர் டிராஃபிக்கில் அரை மணிக்கு மேல் போகும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் தனியாக மாட்டினால் முக்கால் மணியில் 80 வந்துவிடுகிறது. மொத்தம் ஒன்றரை மணிக்குள் திரும்ப ரோட்டைப் பிடித்துவிடலாம். அந்த ஒன்றரை மணி முன்கூட்டியே தெரிகிறது என்பது குழந்தைகளோடு, வயதானவர்களோடு போகும்போது பெரிய நிம்மதி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: 20, 25 சதவீதம் கையில் இருக்கும்போதே ஊருக்குள் நுழைய வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். நாலு பேர், லக்கேஜ், ஏசி என்றால் எங்கள் கார் ஒரே மூச்சில் அவ்வளவு போகாது. அதனால் விழுப்புரம் ஊருக்குள் காலை டிபனோடு ஒருமுறை ஏற்றிக்கொள்கிறோம். அங்கேயே 80 வந்ததும் கழற்றிவிட்டால் திருச்சிக்குத் தேவையான கையிருப்போடு போய்ச் சேரலாம்.

ஷோரூம் சார்ஜர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரவில் கேட் பூட்டியிருக்கும், பண்டிகை அன்று பகலிலும் பூட்டியிருக்கலாம். போன் போட்டுக் கேட்டுவிட்டே போங்கள். நள்ளிரவுப் பயணம் என்றால் ஹைவே ஓட்டல்தான் சரி. 120, 180 கிலோவாட்டில் நாலைந்து கன்னோடு ஓரிடத்தில் இருந்தாலும் நான் ஹைவேயைத்தான் சொல்வேன், ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் பண்டிகைக் கூட்டத்தில் நான் நின்றதில்லை. கோவை பக்கமும் என் அனுபவம் சாதாரண வார நாட்களோடு சரி.

ராத்திரி தங்குகிற பயணம் என்றால் இந்தப் போட்டியே வேண்டாம். லாட்ஜில் ரூம் போடும்போதே பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக் உண்டா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எர்த் இல்லாவிட்டால் காரோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் வேலை செய்யாது. இருந்தால் பத்து மணி நேரத்தில் 30 யூனிட் பக்கம் ஏறியிருக்கும்.