டெராஃபார்மிங் மார்ஸ், பிராஸ் பர்மிங்காம்: ஃபேனுக்கு அடியில் ஓர் ஒப்பீடு

போன மாதம் டெராஃபார்மிங் மார்ஸ் என்ற போர்டு கேமை விற்றுவிட்டேன். நாலு வருஷமாக அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெட்டி. வாங்கிக்கொண்டவர் ஈரோட்டிலிருந்து பைக்கில் வந்திருந்தார். "நல்ல கேம்தானுங்ணா, எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார். வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை. "வீட்ல எடம் பத்தலைங்க" என்று சமாளித்து அனுப்பினேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அலமாரியில் இப்போது இருப்பது பிராஸ் பர்மிங்காம் என்ற இன்னொரு போர்டு கேம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளவும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மார்ஸ் 2016-இல் வந்தது. சுவீடன்காரரான யாக்கோப் ஃப்ரிக்ஸேலியஸ் வடிவமைத்தது. செவ்வாயின் வெப்பத்தை மைனஸ் 30 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், ஆக்சிஜன் 14 சதவீதத்தைத் தொட வேண்டும், ஒன்பது கடல் வைக்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால் ஆட்டம் முடிந்தது. பர்மிங்காம் 2018. மார்ட்டின் வாலஸ் 2007-இல் கொண்டுவந்த பிராஸை அடித்தளமாக வைத்து, கேவன் பிரவுனும் மேட் டோல்மனும் அவரோடு சேர்ந்து செய்தது. 1770 முதல் 1870 வரை இங்கிலாந்தின் நடுப்பகுதி. முன்பாதியில் கால்வாய், பின்பாதியில் ரயில். போர்டுகேம்கீக் என்ற போர்டு கேம் இணையதளத்தின் தரவரிசையில் 2023-இல் முதலிடத்துக்கு ஏறிய ஆட்டம் இதுதான், ஆனால் அதைப் பார்த்து நான் வாங்கவில்லை. நான் வாங்கியபோது விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒவ்வொன்றும் ஒரு சுமாரான மிக்ஸியின் காசு. மூன்று பேர் உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டிலுமே.

ஆடுகிற சுகம் வேறு வேறு. மார்ஸில் கையில் கார்டு வரும். மூன்று மெகாகிரெடிட் (ஆட்டத்தின் பணம்) கொடுத்து வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி நம் கம்பெனியை ஒரு மெஷின் மாதிரி கட்டி எழுப்ப வேண்டும். 208 ப்ராஜெக்ட் கார்டு, ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. 'பறவைகள்' கார்டை முதல் கையிலேயே வாங்கி வைத்துவிட்டு, ஆக்சிஜன் எப்போது 13 சதவீதம் ஆகும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிற சுகம் பர்மிங்காமில் கிடைக்காது. என் மனைவி மார்ஸ் கட்சி. அவள் சொல்வது: "இதுல நான் என்னோடத வளர்க்கறேன். அதுல நீங்க எல்லாரும் என்னோடதத் திங்கறீங்க."

உண்மைதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு முடிவை எடுத்துக்கொடுத்தது அது இல்லை. வேறொரு விஷயம்: ஆட்டத்தின் நடுவில், யாரிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

மார்ஸில் அந்தக் கணக்கு ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கிற ஒரு மெல்லிய, வழவழப்பான அட்டையில் இருக்கிறது. பணம், எஃகு, டைட்டானியம், செடி, மின்சாரம், வெப்பம் என்று ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் நம் உற்பத்தி எவ்வளவு என்பதற்கு ஒரே சாட்சி, சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் க்யூப். பள்ளம் கிடையாது, விளிம்பு கிடையாது. சும்மா மேலே உட்கார்ந்திருக்கும்.

இதை ஐரோப்பாவில் ஓக் மர மேசையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம். எங்கள் டைனிங் டேபிள் நாலு தட்டுக்கே சரியாக இருக்கும். மார்ஸில் கடைசியில் ஆளுக்கு முப்பது கார்டுக்கு மேல் முன்னால் பரப்ப வேண்டியிருக்கும். அதனால் ஹாலில் பாய் விரித்துத் தரையில்தான் ஆட்டம். மேலே ஃபேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. நான், மனைவி, அவள் தம்பி. எட்டாவது தலைமுறையோ ஒன்பதாவதோ (மார்ஸில் சுற்றுக்குத் தலைமுறை என்று பெயர்). கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, ஜன்னலைத் திறந்துவிட்டோம், இரண்டு போனின் டார்ச்சை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடினோம். அருமையாகப் போனது. காற்றில்லாததால் எல்லோரும் கார்டை இன்னும் தாராளமாகப் பரப்பிக்கொண்டோம். இருபது நிமிஷம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தபடியே கரண்ட் வந்தது.

முதலில் பறந்தது மச்சினனின் கார்டுகள். அதைப் பிடிக்க அவன் முட்டி போட்டுப் பாய்ந்தான். பாய் சுருண்டது. என் அட்டையில் இருந்த க்யூப் எல்லாம் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஆயிற்று.

"மாமா, உங்களுக்கு எஃகு உற்பத்தி ரெண்டுதான்" என்றான்.

நாலு என்று எனக்கு நிச்சயம். மனைவி மூன்று என்றாள், நடுவர் தீர்ப்பு மாதிரி.

சரி, இறக்கிய கார்டை எல்லாம் திரும்பக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கணக்கு தப்புவது அங்கேதான். காசு கட்டி நேரடியாகச் செய்கிற ஸ்டாண்டர்ட் ப்ராஜெக்டுக்குக் கார்டே கிடையாது. 11 மெகாகிரெடிட் கொடுத்து மின் உற்பத்தியை ஒன்று ஏற்றினால் அதன் தடயம் அந்த க்யூப் மட்டும்தான். எதிராளி என் உற்பத்தியைக் குறைத்திருந்தால் அந்தக் கார்டு அவன் பக்கம் கிடக்கும், என் பக்கம் ஒன்றும் இருக்காது. அது ஈவன்ட் கார்டாக இருந்தால் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பான். ஆக, மூன்று பேருடைய கார்டையும் எடுத்து வைத்து, யார் யாரை எப்போது அடித்தார்கள் என்று வருமான வரி ரெய்டு மாதிரி இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. கடைசியில் மூன்று என்றே வைத்துக்கொண்டோம். மனைவிதான் ஜெயித்தாள். அதைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. க்யூப் உட்கார்வதற்குப் பள்ளம் வைத்த மேலட்டைகள் தனியாக விற்கிறார்கள், வாங்கினேன். கார்டுக்கு ஸ்லீவ், அதாவது பிளாஸ்டிக் உறை, போட்டேன், 208-ம் அதோடு கார்ப்பரேஷன் (நம் கம்பெனி) கார்டுகளும். இரண்டு சாயங்காலம் போயிற்று. ஸ்லீவ் போட்ட பிறகு கார்டுக் கட்டு வழுக்கிச் சரிய ஆரம்பித்தது, அதற்கு ஒரு தட்டு. மேலட்டை போட்டதும் பெட்டி மூடவில்லை. பழைய ஸ்வீட் டப்பா ஒன்றில் க்யூப்பைத் தனியாக வைத்தேன், பிறகு அந்த டப்பாவைத் தேடுவது ஒரு வேலை. ஆட்டத்துக்குக் கொடுத்த காசில் பாதிக்குக் கிட்டே பராமரிப்புக்குப் போயிருக்கும். எடுத்து வைப்பதற்கு இருபது நிமிஷம், கட்டி வைப்பதற்கு இருபது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு "மார்ஸ் எடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால் மூன்று பேரும் போனைப் பார்க்க ஆரம்பித்தோம்.

பர்மிங்காமில் கணக்கு மேப்பின் மேலேயே இருக்கிறது. கோவென்ட்ரியில் நான் ஒரு தொழிற்சாலை வைத்தால் தடிமனான ஒரு சதுர வில்லை அங்கே உட்காரும். சரக்கு விற்றுவிட்டேன் என்றால் வில்லை திரும்பியிருக்கும், இல்லையென்றால் இல்லை. சுரங்கத்தில் எவ்வளவு நிலக்கரி மிச்சம் என்பதற்கு அதன் மேலேயே கறுப்புக் கட்டைகள் இருக்கும். என்னிடம் இன்னும் என்ன கட்ட மிச்சம் என்பதை என் அட்டையில் அடுக்கியிருக்கும் வில்லைகளே சொல்லிவிடும். கையில் எட்டு கார்டு, செலவழித்தால் கீழே போட வேண்டியது, பரப்பவே வேண்டாம். டைனிங் டேபிளிலேயே அடங்குகிறது. வருமானத்துக்கும் புள்ளிக்கும் வைக்கிற வில்லைகள் இதிலும் நகரத்தான் செய்யும், பொய் சொல்லவில்லை. ஆனால் அது நடுவில், எல்லோர் கண் முன்னால் இருக்கிறது. நகர்ந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்கிறோம். பெட்டி வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. சில்லறைக்கு நாலு ஜிப் கவர் தவிர ஒரு பைசா மேற்கொண்டு செலவழிக்கவில்லை.

வெளிச்சம்தான் இதன் தொல்லை. படம் அழகு, ஆனால் ஒரே கறுப்பும் காவியும். போர்டின் ஒரு பக்கம் பகல், மறுபக்கம் இரவு. இரவுப் பக்கத்தை ஒரே ஒரு தடவை திருப்பினோம், ட்யூப்லைட்டில் எந்த ஊர் எங்கே என்றே தெரியவில்லை. டார்ச்சில் ஆடுகிற ஆட்டம் இது இல்லை.

அப்புறம் ரூல்ஸ். நிலக்கரி வேண்டுமென்றால் பாதை இணைந்திருக்க வேண்டும், இரும்புக்கு வேண்டாம். என் பீருக்குப் பாதை வேண்டாம், உன் பீரை நான் குடித்தால் வேண்டும். புதியவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாற்பது நிமிஷம் ஆகிறது, அப்படியும் முதல் ஆட்டத்தில் தோற்பார். மார்ஸில் கார்டிலேயே எழுதியிருக்கும், படித்துக்கொண்டே ஆடிவிடலாம். அடிக்கடி புது ஆள் வருகிற வீடு என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

முதல் ஆட்டத்தில் தோற்பதற்குப் பாதிக் காரணம் கடன். பர்மிங்காமில் 17 பவுண்டோடு தொடங்குகிறோம், அது இரண்டு சுற்றுக்குத் தாங்காது. கடன் வாங்கினால் 30 பவுண்டு கையில் வரும், வருமானம் மூன்று படி இறங்கும். நம் வீடுகளில் வளர்ந்த எவனுக்கும் இது வயிற்றைக் கலக்கும். மச்சினன் முதல் தடவை கடனே வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, காசில்லாமல் சும்மா கார்டைக் கீழே போட்டுக்கொண்டு கடைசியாக வந்தான். இப்போது முதல் சுற்றிலேயே கையை நீட்டுகிறான்.

மனைவியின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆமாம், பர்மிங்காமில் அடுத்தவர் நிலக்கரியைத் தின்கிறோம். காசு கொடுக்காமலே. ஆனால் சுரங்கம் காலியாகும்போது வில்லை திரும்பி, அதன் சொந்தக்காரருக்கு வருமானமும் புள்ளியும் கிடைக்கிறது. அதனால் "என் கரியை எடுத்துக்கோ" என்று ஒருவரும், "எடுக்க மாட்டேன் போ" என்று இன்னொருவரும் பேசுகிற வினோதமான பேரம் நடக்கிறது. அவள் முறை வரும்போது நான் போனைப் பார்க்க முடியாது. அவள் வைக்கிற ரயிலில்தான் என் சரக்கு போகப்போகிறது. மார்ஸில் அவள் ஆடும்போது நான் போய் டீ போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் தவறவிடவில்லை.

எங்கள் ஊருக்கு என்று ஒரு ஒட்டுதலும் இருக்கிறது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியே மார்க் வாங்கினோம். (நிஜ மான்செஸ்டர் இருப்பது இதன் ஜோடி ஆட்டமான பிராஸ் லங்காஷயரில், அதை ஒரே ஒரு முறைதான், நண்பர் வீட்டில் ஆடியிருக்கிறேன், அபிப்ராயம் சொல்ல அது போதாது.) அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். கேம் எல்லாம் அவருக்கு ஆகாது, பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கால்வாய்க் காலம் முடிந்ததும் முதல் நிலைத் தொழிற்சாலைகளையும் கால்வாய்களையும் போர்டிலிருந்து மொத்தமாக எடுத்துவிட வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னடா, பழைய மெஷின எல்லாம் ஸ்கிராப்புக்குப் போட்டுட்டீங்களா?" என்றார். ஆமாம்பா என்றேன். "ஆளுங்க?" என்றார். அதற்கு ரூல் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

தனியாக ஆடுகிறவர்களுக்கு மார்ஸ்தான், சந்தேகமே வேண்டாம். 14 தலைமுறைக்குள் தனியாளாக முடிக்க வேண்டும் என்ற ஆட்டம் அதில் உண்டு, நன்றாகவும் இருக்கும். பர்மிங்காம் பெட்டியில் அப்படி ஒன்றும் கிடையாது. ஐந்து பேர் என்றாலும் மார்ஸ், ஆனால் அன்றைக்கு ராத்திரித் தூக்கத்தை மறந்துவிட வேண்டும். மார்ஸ் வாங்கினால் ப்ரெல்யூட் என்ற 2018-இல் வந்த சின்னப் பெட்டியையும் சேர்த்து வாங்கவும், மந்தமான முதல் இரண்டு தலைமுறையை அது கடத்திவிடும். மற்ற விரிவாக்கங்களை நான் தொட்டதில்லை. பர்மிங்காமை இருவர் மட்டும் ஆடியது மூன்றே தடவை. மேப் கொஞ்சம் காலியாக இருப்பது போலப் பட்டது, நாங்கள் சரியாக ஆடவில்லையோ என்னவோ.

மறுவிற்பனையில் மார்ஸ் இரண்டு நாளில் போயிற்று, மேலட்டையும் ஸ்லீவும் சேர்த்துக் கொடுத்ததால் நான் கேட்ட விலைக்கே. பர்மிங்காம் எப்படிப் போகும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை, விற்கிற எண்ணமும் இல்லை.

ஈரோட்டுக்காரர் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார்: பச்சை க்யூப் ஒன்று குறைகிறதாம். ஃபிரிட்ஜுக்கு அடியில் தென்னங்குச்சி விட்டுத் துழாவினேன். பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன மனைவியின் கம்மல் திருகு ஒன்று கிடைத்தது. மஞ்சளை அவர் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டையும் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். திருகை மனைவியிடம் கொடுத்தபோது அவள் போனில் மார்ஸ் ஆடிக்கொண்டிருந்தாள், பணம் கட்டி இறக்கிய ஆப். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதுல க்யூப் நகரறதே இல்லைங்க" என்றாள்.