பிரேக் இல்லாமல் திரும்பி வந்த செயின்சா: டெல்டா வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

மழைக்காலம் தொடங்கும் முன் சர்வீஸுக்குக் கொடுத்த எங்கள் வீட்டுப் பெட்ரோல் செயின்சாவிலிருந்து (மரம் அறுக்கும் மெஷின்), ஆபத்து நேரத்தில் செயினை நிறுத்தும் செயின் பிரேக்கின் உள்பாகங்களைக் கடைக்காரர் கழற்றி எடுத்துவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், ‘ஃபுல் சர்வீஸ்’ என்று பில் எழுதி மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. முன்கைப்பிடியை ஒட்டிய கறுப்பு கார்டு தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அது பிடித்து நிறுத்துவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. இதே நிலையில் இன்னும் எத்தனை வீட்டுக் கொல்லைகளில் மெஷின்கள் இருக்கின்றனவோ என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் மரவாடிக்காரர்களிடமும் மரம் வெட்டும் குழுக்களிடமும் மட்டுமே இருந்த செயின்சா, அதற்குப் பிறகு சாதாரணக் குடியானவர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைப் பழுதுபார்க்கிறவர்கள் பெரும்பாலும் பவர் ஸ்பிரேயரையும் களையெடுக்கும் மெஷினையும் சரிசெய்து பழகியவர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், கார்புரேட்டர், பிளக், ஸ்டார்ட்டர் கயிறு போன்றவற்றை அவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் பிரேக்கும் மற்ற மெஷின்களில் இல்லாதவை. கோளாறு செய்யப்படுவதும் அங்கேதான்.

மெஷினைக் கொடுக்கும்போது நான் சொன்ன குறைகள் இரண்டு. ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது என்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் உரசிக் கருகல் வாசனை வருகிறது என்பது இன்னொன்று. பிரேக் உரசினால் செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மைச் சுற்றியிருக்கும் எஃகுப் பட்டையைச் சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டும். அந்தப் பட்டையையும் அதை இழுக்கும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டால் உரசலும் நின்றுவிடும், வாசனையும் நின்றுவிடும். கடைக்காரர் தேர்ந்தெடுத்த வழி அதுதான்.

எங்கள் கொல்லையில் மரம் வெட்ட வழக்கமாக வரும் பெரியவர்தான் இதைக் கண்டுபிடித்தார். அவர் எந்த மெஷினையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கார்டை ஒருமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பவர். “தம்பி, இதைத் தொடாதீங்க. கார்டு முன்னால போவுது, டக்குன்னு ஒரு சத்தம் வரணும், வரல. தொளதொளன்னு ஆடுது பாருங்க” என்று சொல்லிப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பட்டை இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பது, பாரின் நுனி என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். ஓடும் செயினுடன் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டுவிட்டால், மரத்தைக் கடிக்க முடியாத வேகம் முழுவதும் பாரையே மேல்நோக்கியும் பின்னோக்கியும் எறிகிறது. அது வந்து சேருமிடம் பிடித்திருப்பவரின் முகமும் கழுத்தும் தோளும். முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது என்பதால், பார்த்துச் சுதாரித்துக்கொள்ள நேரமே இருக்காது. மெஷின் எகிறும்போது இடது கையின் மணிக்கட்டு கார்டில் மோதும், அல்லது எகிறும் வேகத்தாலேயே கார்டு முன்னே சாயும்; உடனே ஸ்பிரிங் பட்டையை இழுத்து டிரம்மை இறுக்கிச் செயினை நிறுத்திவிடும். எகிறும் பாரைத் தடுக்க முடியாவிட்டாலும், முகத்தை நோக்கி வரும் செயின் ஓடாமல் நின்றிருப்பதே உயிரைக் காக்கிறது. சாய்ந்த தென்னையை அறுக்கும்போது மட்டைக் குவியலுக்குள்ளோ அடியில் கிடக்கும் இன்னொரு மரத்திலோ கண்ணுக்குத் தெரியாமல் நுனி படுவது சாதாரணம். காட்டுக்கருவைப் புதரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

செயினையும் கடைக்காரர் விட்டுவைக்கவில்லை. சாணை பிடிக்கிறேன் என்று கிரைண்டிங் வீலில் கொடுத்து, பற்களின் நுனிகளை நீலம் பாயும் அளவுக்குச் சூடேற்றியிருந்தார். அப்படி நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்துவிடும். சில வெட்டுகளிலேயே மழுங்கும். அதைவிட மோசமானது, ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் இருக்கும் சிறு மேட்டை அவர் தாறுமாறாகத் தேய்த்திருந்தது. பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த மேடுதான் கட்டுப்படுத்துகிறது. எங்களுடையதைப் போன்ற .325 அங்குலச் செயினில் அது பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் முதல் வெட்டில் மெஷின் ‘நல்லா இழுக்குது’ என்று தோன்றும். உண்மையில் பல் அளவுக்கு மீறிக் கடிக்கிறது, மெஷின் எகிறும் வாய்ப்பும் கூடுகிறது. பிரேக்கைக் கழற்றிய மெஷினில் இப்படிப்பட்ட செயினையும் மாட்டிக் கொடுப்பது என்னைப் பொறுத்தவரை அலட்சியம் என்ற சொல்லுக்குள் அடங்காது. அறுந்த செயினைத் தடுத்துப் பிடிக்க அடியில் இருக்கும் சிறு கொக்கியும் காணாமல் போயிருந்தது.

மெஷினை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்டபோது, கடைக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. “சார், எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணிக் கொடுக்குறோம். பிரேக் இருந்தா சும்மா சும்மா மாட்டிக்கும், நீங்களே வந்து குறை சொல்லுவீங்க” என்றார். கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணத்தையும் திருப்பித் தர மறுத்துவிட்டார். ‘எல்லாருக்கும்’ என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனவே சர்வீஸிலிருந்து மெஷினை வாங்கும்போது கடையிலேயே, கடைக்காரர் முன்னிலையிலேயே சோதித்துவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது கார்டை முன்னே தள்ளினால் தெளிவான சத்தத்துடன் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு செயினைக் கையுறை போட்ட கையால் இழுத்தால் நகரக் கூடாது. பிறகு கடைக்காரரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பிரேக்கை விடுவித்து, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் செயின் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் செயின் சுற்றும் மெஷினை எந்தச் சமாதானத்துக்கும் வாங்கி வராதீர்கள். கடைசியாக வேகம் கொடுத்து, கைப்பிடியை விடாமலே மணிக்கட்டால் கார்டைத் தள்ளச் சொல்லுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். மாற்றிய பாகங்களைப் பில்லில் பெயர் பெயராக எழுதி வாங்குவதும், பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குவதும் பிறகு வழக்காடும்போது உதவும்.

வீட்டில் செய்யக்கூடியதை வீட்டிலேயே செய்துகொண்டால் இப்படிப்பட்ட கடைகளின் வாசலை மிதிக்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். 30 பாகைக் கோணத்தில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுத்தால் சாணைக்காரர் தேவையில்லை. பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூடி (2T) ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாமல், கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி என்று அளந்தே ஊற்றுங்கள். பாருக்கும் செயினுக்கும் உராய்வைக் குறைக்கும் பார் ஆயில் வேறு டேங்கில் ஊற்ற வேண்டியது என்பதையும் மறக்க வேண்டாம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், அறுப்பு வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலிசெய்து, மிச்சமிருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பழைய பெட்ரோல்தான் பல வீடுகளில் காரணம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்கு நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பில்லையும், காலியான மூடியின் படங்களையும், அந்தப் பெரியவரின் எழுத்துமூலமான வாக்குமூலத்தையும் வைத்து மனு தயாராகிறது. அதனால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கடந்த ஓராண்டுக்குள் எங்கேயாவது செயின்சாவை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியவர்கள், அடுத்த மரத்தில் வைப்பதற்கு முன் பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, பட்டையும் ஸ்பிரிங்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில மெஷின்களில் அவை மூடிக்குள்ளும், சிலவற்றில் எஞ்சின் உடம்பிலும் இருக்கும். காணவில்லை என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய பட்டை மாட்டும்வரை மெஷினை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.