தண்டையார்பேட்டையில் ஒரு எம்-3 அரியர் வகுப்பு

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் ‘எம்-3’ என்று அழைக்கும் கணிதத் தாளில் அரியர் (தேறாமல் நிலுவையில் உள்ள தாள்) வைத்திருப்பவர்களுக்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு மாடியறையில் நடக்கும் மாலை வகுப்பில் சென்ற பருவத்தில் படித்தேன். வடசென்னையில் இத்தகைய பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. முக்கிய வினாக்கள் என்று ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்பிவிடுவதே பல இடங்களில் வழக்கம். இங்கும் அந்தக் கட்டு உண்டு. ஆனால் நான் தரும் நான்கு நட்சத்திரங்கள் ஆசிரியருக்கும், அவருக்குத் துணையாக இருக்கும் முதுகலை மாணவிக்கும் உரியவை.

ஒரு சார்பை சைன், காஸ் உறுப்புகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடரை நடத்திய நாளில், மைனஸ் பை முதல் பை வரையிலான இடைவெளியில் எக்ஸ் ஸ்கொயருக்குத் தொடர் காணச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவர் சைன் உறுப்புகளுக்கான கெழுவையும் தொகையிட்டு ஒரு பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அதை அடிக்கவில்லை. வரைபடத்தை மட்டும் போடச் சொன்னார். இருபுறமும் ஒரே மாதிரி ஏறும் வளைவைப் பார்த்ததும், இப்படிச் சமச்சீரான ஈவன் ஃபங்ஷனுக்கு சைன் உறுப்பே வராது என்பது பக்கத்திலிருந்தவருக்கே விளங்கிவிட்டது. உடனே ஆசிரியர் அதே எக்ஸ் ஸ்கொயரை 0 முதல் 2 பை வரை போடச் சொன்னார். அந்த இடைவெளியில் சமச்சீர் இல்லாததால் சைன் உறுப்புகளும் வரும். ‘எக்ஸ் ஸ்கொயர் என்றால் சைன் கிடையாது’ என்று அதற்குள் மனப்பாடம் செய்திருந்த பாதி வகுப்பு அங்கே மாட்டிக்கொண்டது. எந்த இடத்தில் மாணவர் வழுக்குவார் என்று முன்கூட்டியே அறிந்து கணக்கைத் தேர்ந்தெடுக்கும் இந்தத் திறமையை என் கல்லூரியில் நான் கண்டதில்லை.

நாங்கள் ‘அக்கா’ என்று அழைத்த அந்த முதுகலை மாணவி, வாரத்தேர்வுத் தாள்களை வரிவரியாகத் திருத்துவார். காஸ் என்-பையின் மதிப்பை, ‘என்’ (n) என்ற எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாராமல் 1 என்று எழுதியிருந்தால், அந்த வரியை மட்டும் வட்டமிட்டு, அதற்குப் பின் முறை சரியாக இருந்தால் அதற்குரிய மதிப்பெண்ணைத் தந்துவிடுவார். தெரியாததைக் கேட்டால் மழுப்பமாட்டார். மறுநாள் விடையோடு வருவார். பொன்னேரி, மீஞ்சூர் மாணவர்கள் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் வகுப்பு சொன்ன நேரத்தில் முடிவதும் சிறிய விஷயமன்று.

குறைகளும் உண்டு. கட்டணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். கன்டெய்னர் லாரிச் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தினால் அறை புழுங்குகிறது. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம், கடைசி அலகான இசட் உருமாற்றத்தை வேறொருவரிடம் ஒப்படைத்ததுதான். அவர் கரும்பலகைக்கு முகத்தையும் எங்களுக்கு முதுகையும் காட்டியபடி விடைகளை எழுதிப்போட்டுவிட்டுப் போனார். தாளில் உள்ள 5 அலகுகளில் ஒன்றை இப்படி விடுவது, தேர்ச்சிக்குப் பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு தேவைப்படும் மாணவரின் நிலைக்கு நியாயமாகாது.

சேர விரும்புவோர், பணம் கட்டுமுன் கடைசி அலகை யார் நடத்துவார் என்று கேட்டுவிடுங்கள். அந்த அக்கா மாலைப் பிரிவுக்கு மட்டுமே வருகிறார். காலைப் பிரிவில் தாள்களைத் திருத்தித் தருவதில்லை.